ரேஷன் கார்டு ஜெராக்ஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விளாங்குடி வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தினேஷ் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். பழைய ஃபைல்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, காகிதத்தைக் கழித்துக்கட்டச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். எந்த ஃபைலத் தொறந்தாலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கு. ஃபாரத்துல அப்படி ஒண்ணு கேக்கவே இல்லியே. எதுக்குண்ணே வாங்குனீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? இத்தன வருசமாவா?"

"ஆமா. இப்ப நீங்க டேப்லெட்ல கேக்குறப்ப, கூட வந்தவங்க எங்க இருப்பாங்க?"

"பக்கத்துலதாண்ணே. அவங்கதான பதிலே சொல்றாங்க."

நான் தொட்டியை மூடினேன். சும்மாதான் என்று நான் சொன்னது உண்மை. அந்த ஜெராக்ஸால் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அது ஏன் சும்மா வாங்கப்பட்டது என்பதைப் போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பிரிவுக்குப் புற்றுநோய்ப் பதிவேடு என்று பெயர். வைத்தியம் பார்ப்பது எங்கள் வேலை இல்லை. நோயாளி எந்த ஊர், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், என்ன வேலை பார்த்தார், எதில் சமைத்தார், எதைக் குடித்தார், எதை ஊதினார், எதை மென்றார், வயலில் எந்த மருந்தை அடித்தார் என்று கேட்டு நான்கு பக்கப் படிவத்தை நிரப்புவது. அதன் பிறகு அவர் இருக்கிறாரா, இல்லையா என்று அவ்வப்போது விசாரித்து எழுதுவது. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கிளார்க் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

புள்ளியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தவன் நான். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போட வேண்டும் என்று மூன்று வாரமும் சொன்னார்கள். மனிதர்களிடம் எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைமை ஒரு பெண் டாக்டர். எல்லாரும் பெரிய மேடம் என்றுதான் சொல்வோம். அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். நாங்கள் நிரப்பிய படிவங்களை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படிப்பார். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று எழுதுவார். படிவம் மறுநாள் காலையில் நம் மேஜையில் கிடக்கும். அவ்வளவுதான். நாமே வார்டுக்குப் போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கேட்க வேண்டும்.

எனக்கு வந்த முதல் பச்சை வட்டம் திருப்பரங்குன்றத்து அம்மா ஒருவரின் படிவத்தில். நுரையீரலில் புற்று. பீடி, சிகரெட் இல்லை. வீட்டில் புகைப்பவர்களும் இல்லை. வேலை என்ற கட்டத்தில் "வீட்டில் இருப்பவர்" என்று எழுதியிருந்தேன். பச்சை வட்டத்தோடு திரும்பி வந்தது. நான் எரிச்சலோடுதான் வார்டுக்குப் போனேன்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"அதான் நேத்தே சொன்னேன்ல. ஒரு வேலையும் இல்ல, வீட்டுலதான் இருக்கேன்."

வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "சரி, காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க" என்றேன்.

"விடிய முன்னாடி அடுப்பப் பத்த வைப்பேன். கோயிலுக்கு வர்ற சனம் வந்துரும்ல. பத்து மணி வரைக்கும் இட்லி ஓடும். அப்புறம் மறுநாளைக்கு மாவு ஆட்டணும்."

"எத்தன வருசமா?"

"மூத்தவன் வயித்துல இருக்கையில ஆரம்பிச்சது. அவனுக்கே இப்ப பேத்தி இருக்கு."

"என்ன அடுப்பு?"

"வெறகுதான். உள்ரூம்புல. சன்னல் கெடையாது, தெருக்காரங்க புகைங்கிறாங்கன்னு அடைச்சிட்டோம்."

"அப்ப ஏன் வேலை இல்லைன்னு சொன்னீங்க?"

"வீட்டு வாசல்ல இட்லி விக்கிறதெல்லாம் ஒரு வேலையா சார்?"

அன்றிலிருந்து நான் யாரிடமும் என்ன வேலை என்று கேட்டதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து சொல்லச் சொல்வேன். குடிப்பீர்களா என்றும் கேட்டதில்லை, எங்கே குடிப்பீர்கள் என்று கேட்பேன். "எப்பவாச்சும்தான் சார்" என்பவரிடம், எப்பவாச்சும் என்றால் எப்போது என்று கேட்டால், "சாயங்காலம் மட்டும்" என்பார். பீடியை விட்டுவிட்டேன் என்பவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான், ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும்போது விட்டிருப்பார்கள். இவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. சர்க்கார் ஆள் கேட்கும்போது எதைச் சொன்னால் நல்லபடியாகப் பார்ப்பார்களோ அதைச் சொல்கிறார்கள்.

பெரிய மேடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "எதனால வந்துச்சுன்னு எழுதுறது நம்ம வேலை இல்ல செல்வராஜ். கூட என்னென்ன இருந்துச்சுன்னு எழுதுறதுதான் நம்ம வேலை. அதுல ஒண்ணு விட்டுப்போனாலும் பின்னாடி வர்றவங்க எல்லாரும் தப்பா கூட்டிருவாங்க."

ஜெராக்ஸ் அவருடைய கண்டுபிடிப்புதான். ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கட்டியோடு ஒரு பெண், கூட அவர் வீட்டுக்காரர். நான் அந்தப் பெண்ணைக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டுக்காரர் பதில் சொன்னார். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்பதற்குக்கூட அவர்தான் சொன்னார். மேடம் குனிந்து எதையோ தேடுவது போல டிராயரைத் திறந்து மூடினார். "ஐயா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வேணுமே" என்றார். அவர் உடனே எழுந்து போனார்.

அவர் போனதும் மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "சொல்லு ஆத்தா" என்றார். பத்து நிமிடத்தில் படிவம் முழுவதும் மாறிவிட்டது.

ஆதார் வராத காலம் அது. எல்லார் பையிலும் ரேஷன் கார்டு இருக்கும். கடை ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம், எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். போய் வரக் கால் மணி நேரம் பிடிக்கும். ஜெராக்ஸ் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்கிற மனிதர் நம் ஊரில் இல்லை. சிலர் இரண்டாக எடுத்து வருவார்கள். ஒருவர் கேட்காமலே தன் பத்தாவது மார்க் ஷீட்டையும் சேர்த்துக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் புது வருடத்துக்கு எங்கள் பிரிவுக்கு மட்டும் டைரி கொடுப்பார். ஆண் நோயாளி என்றால் வீட்டம்மாவை அனுப்புவோம், மருமகள் என்றால் மாமியாரை. வாங்கியதைக் குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஃபைலில் வைத்துக் குத்திவிடுவோம். இதில் நாங்கள் நினைக்காத ஒரு வசதியும் கிடைத்தது. ஃபைலில் ஜெராக்ஸ் இருந்தால் அந்த ஆளிடம் தனியாகக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இனி பேச்சியம்மாள்.

சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் இலை அடுக்கிக் கட்டுகிற வேலை. இடது கன்னத்துக்குள் புண். வாய், ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. சேலை முந்தானையால் வாயை மூடியபடி என் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் கருப்பையா, வெள்ளைச் சட்டையில் விறைப்பாக.

அன்று அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். முதல்நாள் உள்ளூர் விடுமுறை என்பதால் இரண்டு நாள் கூட்டம் ஒரே நாளில் வந்திருந்தது. நான் வழக்கம்போல, "ரேஷன் கார்டு ஜெராக்ஸ்..." என்று ஆரம்பித்தேன். "கடை பூட்டியிருக்கு சார், வரும்போதே பாத்தேன். சாமி பாக்கப் போயிருப்பாக" என்றார் கருப்பையா. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நான் சரி என்று கேள்விகளை ஆரம்பித்தேன். அவரை வைத்துக்கொண்டே.

புகையிலை என்ற கேள்வி வந்தது. பேச்சியம்மாளைப் பார்த்துத்தான் கேட்டேன். கருப்பையா சொன்னார். "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கெடையாது சார்."

பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்து "இல்லை" என்று டிக் அடித்தேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. என் அம்மா நாற்று நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்க வைத்தவர். காடு கழனியில் கூலிக்குப் போகிற பெண்கள் கன்னத்தில் எதை ஒதுக்கிக்கொண்டு பசி தெரியாமல் குனிந்து நிற்கிறார்கள் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். கொடிக்காலில் பத்து மணிக்கு டீ கிடையாது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வேலை கொடுக்கிறவர் தட்டில் வைத்து நீட்டுவார். யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, அதனால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருவன் டிக் அடித்தது வரிசை நீளமாக இருந்ததால்தான்.

ஒரு டிக் என்ன செய்யும் என்று சொல்கிறேன். புகையிலை உண்டு என்று எழுதினால் படிவத்தோடு ஒரு மஞ்சள் சீட்டு வைப்போம். மஞ்சள் சீட்டு உள்ளவர்களைப் பதினாறாம் நம்பர் அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு ஆலோசகர் உட்கார்ந்து பேசி, மூன்று நான்கு தடவை வரவழைத்து, அந்தப் பழக்கத்தை நிறுத்த வைப்பார். பேச்சியம்மாளுக்கு மஞ்சள் சீட்டு இல்லை. அடுத்துப் பார்த்த டாக்டர் என் தாளைப் பார்த்து "பழக்கம் இல்லை" என்று எழுதினார். அதற்கடுத்தவர் அவருடைய தாளைப் பார்த்து எழுதினார். கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைப்பதற்கு முன்னால் பற்களை எடுத்துவிட்டார்கள். கறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க இருந்த வழியும் அதோடு போனது. ஆபரேஷன் நன்றாக முடிந்து வீட்டுக்குப் போனார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். இந்தத் தடவை வலது கன்னம். கடை திறந்திருந்தது. கருப்பையாவை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன்.

"இப்ப பொகையில எந்தப் பக்கம் ஒதுக்குறீங்கம்மா?" என்று கேட்டேன். போடுவீர்களா என்று கேட்கவில்லை.

"வலது பக்கந்தான். இடது பக்கம் ஆப்ரேசன் பண்ணிட்டாங்கள்ல." பல் இல்லாததால் வார்த்தைகள் குழைந்து வந்தன. "அந்தப் பக்கம் வச்சா எரியுது சார்."

"ஆபரேஷனுக்குப் பொறவும் போட்டீங்களா?"

"வீட்டுக்குப் போயி ஒரு மாசம் போடல. அப்புறம் வேலைக்குப் போனேன், தட்டுல வந்துச்சு, போட்டேன்."

"வேணாம்னு இங்க யாரும் சொல்லலியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலியே. பக்கத்துக் கட்டில்காரிய மட்டும் வேற ரூம்புக்குக் கூப்பிட்டு விட்டாங்க, வேணாம்னு சொன்னாங்களாம். என்னையக் கூப்பிடல." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவுக இல்லைன்னு சொன்னப்ப நான் உங்க மொகத்தத்தான் பாத்தேன். நீங்க பேசாம எழுதிக்கிட்டீங்க. இம்புட்டுப் படிச்சவுக, பாத்ததும் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் இல்லைன்னு எழுதுறாகளே, அப்ப நம்ம போடுறதெல்லாம் ஒரு கணக்கு இல்ல போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். அடுத்த கேள்வி எதில் சமைப்பீர்கள் என்பது. அதை நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு நானே பெரிய மேடத்திடம் போனேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் இல்லை. என் டிக்கின் மேல் விரலை வைத்து, பச்சைப் பேனாவை எடுக்காமல், வாயாலேயே கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"அழகர் எறங்குன மறுநாள் மேடம். ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்துச்சு."

"கடைதான பூட்டியிருந்துச்சு" என்றார்.

இல்லை என்பதை என் கையாலேயே அடித்து, உண்டு என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட வைத்தார். மஞ்சள் சீட்டை நானே கொண்டுபோய்ப் பேச்சியம்மாளிடம் கொடுத்து, பதினாறாம் நம்பர் அறை வரைக்கும் கூட நடந்து போனேன். தப்பு என்னுடையது என்று வழியிலேயே அவரிடம் சொன்னேன். "சரி விடுங்க சார், வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார்.

வலது கன்னத்து நோய் அந்த இரண்டு வருடப் புகையிலையால் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதற்கு முன்னால் முப்பது வருடம் போட்டிருக்கிறார். மஞ்சள் சீட்டு கிடைத்திருந்தால் வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. எதனால் வந்தது என்று எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் வராமல் போக ஒரு வழி இருந்தது, அதில் நான் குறுக்கே நின்றேன். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

பேச்சியம்மாள் புகையிலையை நிறுத்தினார். பாக்கையும் நிறுத்தினார். வலது பக்க ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் சில வருடங்கள் இருந்தார், கொடிக்காலுக்கும் போனார். தட்டு வந்தால் வெறும் வெற்றிலையை எடுத்துக் கையிலேயே வைத்திருப்பாராம். செக்கப்புக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "அந்த இல்லை சார் இருக்காரா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, சம்பளப் பிரிவில்கூட. ஒருநாள் கூட வேலை பார்க்கிற மூன்று பெண்களைக் கூட்டி வந்தார். வரிசையாக உட்கார வைத்து, "சார்ட்ட இல்லைன்னு சொல்லாதீங்கடி, அவரு பாட்டுக்கு எழுதிருவாரு" என்றார். அவர்களில் ஒருவருக்கு உதட்டுக்குள் வெள்ளைத் திட்டு இருந்தது. அவரைப் பதினாறாம் நம்பர் அறைக்கு அனுப்பினோம். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் வரவில்லை.

தினேஷிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: ஜெராக்ஸை எல்லாம் கழித்துவிடு, ஒன்றை மட்டும் எனக்காக எடுத்து வை. பேச்சியம்மாளின் ஃபைலில் இரண்டு இருக்கும். முதலாவது ஜெராக்ஸ் அவரை இரண்டாவது தடவை சேர்த்தபோது வாங்கியது, அது வேண்டாம். கடைசிப் பக்கத்தில் இருப்பது வேண்டும்.

அது வந்த கதை இது. நான் ஓய்வு பெற ஐந்தாறு மாதம் இருக்கும்போது கருப்பையா தனியாக வந்தார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. என் முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ். பேச்சியம்மாளின் பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்த புதுக் கார்டு.

"இது எதுக்குங்க? நான் கேக்கலியே."

"கேப்பீகன்னு நானே எடுத்துட்டு வந்தேன். எதுக்குக் கேப்பீகன்னும் தெரியும் சார். என்னைய வெளிய அனுப்பத்தான."

"எப்படித் தெரியும்?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்தக் கடையில நின்னு பாத்தா தெரியாதா? பொம்பளையாளக் கூட்டியாந்தவன் பூராம் கையில ரேஷன் கார்டோட நிக்கிறான். எங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும்." அவர் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவ பொகையில போட்டது எனக்கும் தெரியும் சார். ஊருக்கே தெரியும். ஆனா ஒரு ஆபீசர் கேக்கையில, பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஆமா எம்பொண்டாட்டி போடுவான்னு எப்படிச் சொல்றது? அன்னைக்குக் கடை இல்லாட்டியும், சும்மா வெளிய போய்யான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேன் சார்."

நான் அந்த ஜெராக்ஸை ஃபைலில் கடைசியாக வைத்துக் குத்தினேன். இறந்த தேதிக்கான கட்டத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். கருப்பையா எழுந்தார்.

"நீங்க கேட்டு எழுதுங்க சார், நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு வெளியே போனார். என் முன்னால் இருந்த இரண்டு நாற்காலிகளிலும் யாரும் இல்லை.